கடைக் கையேடா, தடித்த நூலா?

செல்ல எலி வளர்ப்பவர் கையில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று இருக்கும். கூண்டோடு சேர்த்து விற்கப்படும் மெல்லிய வண்ணக் கையேடு. அல்லது கால்நடை மருத்துவரோ நெடுநாள் வளர்ப்பாளரோ எழுதிய தடித்த நூல்.

படங்களில் கையேடுதான் ஜெயிக்கும், அதை விடுங்கள். நான் முதலில் புரட்டுவது படுக்கை பற்றிய பக்கத்தை. உலர்த்திப் பதப்படுத்தாத பைன், சிடார் மரச்சீவலைப் பரப்பச் சொன்னால் அங்கேயே மூடிவிடலாம். அதன் வாசனையில் உள்ள ஃபீனால்கள் மூச்சுப்பாதையை உறுத்தும். எலிகளுக்கோ மைக்கோபிளாஸ்மா கிருமியால் ஏற்கெனவே நுரையீரல் தொல்லை அதிகம். "ஒற்றை எலியே போதும்" என்பதும் அதே ரகம். எலி கூட்டமாக வாழும் பிராணி.

அடுத்து, கண்ணோரச் சிவப்பு. கையேடு இதைப் பற்றி வாயே திறக்காது, இல்லையென்றால் இரத்தம் என்று பயமுறுத்தும். நல்ல நூல், அது கண்ணுக்குப் பின்னுள்ள ஹார்டேரியன் சுரப்பியில் ஊறும் போர்ஃபிரின் நிறமி, நோயிலும் மன அழுத்தத்திலும் கூடும் என்று விளக்கும்.

தடித்த நூலையும் கண்ணை மூடி நம்ப முடியாது. ஆரஞ்சுத் தோல் விஷம் என்று ஒரே வரியில் முடித்துவிடுபவை உண்டு. அதிலுள்ள லிமொனீன் பாதிப்பது ஆண் எலியின் சிறுநீரகத்தை. ஆண் எலிகளில் சுரக்கும் ஒரு புரதம்தான் காரணம். இவ்வளவையும் சொல்லும் நூலுக்கே என் ஓட்டு. பதிப்பு பழையதென்றால், அதிலுள்ள மருந்தளவுகளை மட்டும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது.