தெர்மிக் ஃப்ளூயிட் விரிவு: ரிலீஃப் வால்வுக்கு எந்தக் கணக்கை நம்பலாம்?

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி சேதராப்பட்டு பக்கமும் தெர்மிக் ஃப்ளூயிட் (வெப்பத்தைக் கொண்டுபோகும் எண்ணெய்) ஹீட்டர் வைத்து ஓட்டும் யூனிட்கள் நிறைய. அந்த லைனில் இரண்டு பக்கமும் வால்வை மூடிவிட்டு நடுவில் இருக்கும் எண்ணெயைச் சூடாக்கினால், ஒவ்வொரு டிகிரிக்கும் பல பார் அளவுக்கு அழுத்தம் ஏறும். தானே திறந்து அந்த அழுத்தத்தை இறக்கத்தான் தெர்மல் ரிலீஃப் வால்வ். கணக்கு எளிதுதான்: விரிவுக் கெழுவை (ஒரு டிகிரி ஏறினால் எண்ணெய் எவ்வளவு பங்கு விரியும் என்ற எண்) உள்ளே போகும் வெப்பத்தால் பெருக்கி, அடர்த்தியும் தன்வெப்பமும் பெருக்கி வந்ததால் வகுத்தால் வெளியேற வேண்டிய கன அளவு கிடைத்துவிடும். விரிவுக் கெழுவை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் ஆளுக்கொரு வழி.

முதல் வழி, அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐ-யின் 521-ம் எண் தரநூலில் உள்ள அட்டவணை. எண்ணெயின் ஏபிஐ கிராவிட்டி (அடர்த்தியைச் சொல்லும் ஓர் அளவு, எண் குறைந்தால் எண்ணெய் கனம்) தெரிந்தால் போதும். கனமான வகைக்கு, அதாவது 3 முதல் 34.9 வரைக்கும், டிகிரி செல்சியஸுக்கு 0.00072. இரண்டு நிமிட வேலை. ஆனால் அது பெட்ரோலியத்துக்காக, அறை வெப்பநிலையை ஒட்டிப் போட்ட எண். 300 டிகிரியில் ஓடும் சிந்தெட்டிக் எண்ணெய்க்கு அதை அப்படியே போட்டால் குறைவாகத்தான் வரும்.

இரண்டாவது, ப்ராசஸ் சிமுலேட்டர் மென்பொருள். பார்க்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் அதில் வழக்கமாகப் போடும் பெங்-ராபின்சன் சமன்பாட்டுக்குத் திரவ அடர்த்தி என்றாலே ஆகாது. நம் எண்ணெய் சிமுலேட்டரின் லைப்ரரியிலும் இல்லாமல், கொதிநிலையைக் கொடுத்து ஒரு கற்பனைக் கூறு உருவாக்கினால் அடர்த்தியே ஊகம், சூட்டோடு அது இறங்கும் சரிவு (கெழு வருவதே அதிலிருந்துதான்) ஊகத்தின் மேல் ஊகம். இந்த வேலைக்கு நான் அதைத் தொடமாட்டேன்.

மூன்றாவது, தயாரிப்பாளர் தரும் அடர்த்தி அட்டவணை. என் ஓட்டு இதற்குத்தான். தெர்மினால் 66 என்ற சிந்தெட்டிக் எண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள்: கனமீட்டருக்கு 20 டிகிரியில் சுமார் 1008 கிலோ, 200-ல் 885, 300-ல் 809. கடைசி இரண்டின் வித்தியாசத்தை 100-ஆல் வகுத்து, அதை 809-ஆல் வகுத்தால் 0.00094. ஏபிஐ எண்ணைவிட 30 சதவீதம் அதிகம். நோட்டுப் புத்தகத்திலேயே போட்டுவிடலாம். உள்ளூரில் கிடைக்கும் மினரல் ஆயில்களில் பலவற்றின் டேட்டா ஷீட்டில் அடர்த்தி ஒரே ஒரு வெப்பநிலைக்குத்தான் இருக்கும், அப்போது வேறு வழியில்லை, ஏபிஐ அட்டவணைக்கே போக வேண்டியதுதான்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. தெர்மினால் 66 இருக்கும் ஹீட்டர் காயிலின் (சூடாகும் குழாய்ச் சுருள்) இரு பக்கமும் மூடியிருக்க, 500 கிலோவாட் உள்ளே போகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லா எண்களையும் 300 டிகிரியில் எடுத்தால் (தன்வெப்பம் ஒரு கிலோவுக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 2.57 கிலோஜூல்) மணிக்கு 0.81 கனமீட்டர் வருகிறது. சரி, எல்லாவற்றையும் குளிர்ந்த நிலையில், ஏபிஐ கெழுவோடும் 1.56 தன்வெப்பத்தோடும் போட்டால்? 0.82. ஏறக்குறைய அதே விடை! சூடாகும்போது கெழு ஏறுகிறது, தன்வெப்பமும் ஏறுகிறது, அடர்த்தி இறங்குகிறது, ஒன்றை ஒன்று சமன் செய்துவிடுகின்றன. ஆனால் கெழுவை மட்டும் ஏபிஐயிலிருந்து எடுத்து, மற்ற இரண்டையும் 300 டிகிரிக்குப் போட்டுப் பாருங்கள், 0.62 ஆகிவிடும். ஆபத்து இந்தக் கலப்பில்தான். ஸ்ப்ரெட்ஷீட்டில் ஆளுக்கொரு செல்லை நிரப்பும் இடங்களில் இது சர்வசாதாரணம்.

அப்புறம், வெறும் வெயிலில் கிடக்கும் பைப்புக்கு இவ்வளவு மண்டையை உடைக்க வேண்டாம். அக்னி நட்சத்திர உச்சி வெயில், 100 மீட்டர் நீளத்துக்கு 4 இஞ்ச் பைப், இன்சுலேஷனும் இல்லை என்றாலும் உள்ளே போவது 11 கிலோவாட் சுற்றித்தான். வெளியேற வேண்டியது மணிக்கு 17 லிட்டர். முக்கால் இஞ்ச் இன்லெட், ஒரு இஞ்ச் அவுட்லெட் வால்வ் போட்டாலே தாராளம். எந்தக் கெழுவைப் போட்டாலும் அதே வால்வ்தான் வரும். நேரம் இருந்தால் உள்ளே போகும் வெப்பம் எவ்வளவு என்று தோண்டுங்கள், தப்பு அதிகமாக ஒளிந்திருப்பது அங்கேதான்.

டௌதெர்ம் ஏ என்ற சிந்தெட்டிக் எண்ணெய் வைத்திருப்பவர்களுக்குக் கதையே வேறு. அது 12 டிகிரியில் உறையும், கடலூர் மார்கழியில்கூட அந்தக் கவலை இல்லை. ஆனால் சாதாரண அழுத்தத்தில் 257 டிகிரியிலேயே கொதிக்கும். செட் பிரஷரில் (வால்வ் திறக்கும் அழுத்தம்) கொதிநிலை என்ன, எண்ணெய் அந்தச் சூட்டைத் தொடுமா என்று முதலில் பாருங்கள். தொடும் என்றால் வால்வ் வழியே போகப்போவது ஆவி, அதற்கு மேலே சொன்ன கணக்கு எதுவுமே செல்லாது, ஆவிக்கென்று தனியாக சைஸ் போட வேண்டும்.