"உங்க பிள்ளை நாமினேட் ஆயிருக்கா"ன்னு லெட்டர் வந்திருக்கா? பணம் கட்டறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

போன வாரம் அமெரிக்காவுல இருக்கற நம்ம பேரன்ட்ஸ் வாட்ஸ்அப் குரூப்ல மூணு பேர் ஒரே மாதிரி லெட்டரை போட்டோ எடுத்துப் போட்டிருந்தீங்க. தடிமனான பேப்பர், தங்கக் கலர் முத்திரை, பிள்ளை பேரு பெரிய எழுத்துல, சம்மர்ல நடக்கற மெடிக்கல் ப்ரோக்ராமுக்கு நாமினேட் ஆயிருக்கான்னு. கீழ வாழ்த்துக்கள் வாழ்த்துக்கள்னு வரிசையா மெசேஜ். எனக்கு அதைப் பார்த்ததும் வயித்தைக் கலக்கிடுச்சு, ஏன்னா ரெண்டு வருஷம் முன்னாடி அதே மாதிரி ஒண்ணு எங்க வீட்டு மெயில் பாக்ஸ்லயும் வந்துச்சு, நானும் இப்படித்தான் போட்டோ எடுத்து ஊர்ல இருக்கற எங்க அம்மாவுக்கு அனுப்பினேன். கம்பெனி பேரை இங்க போடல, இந்த மாதிரி லெட்டர் அனுப்பறது ஒரே ஒரு கம்பெனி இல்ல, பேரைச் சொன்னா அதை மட்டும் விட்டுட்டு அடுத்ததுல போய் மாட்டிப்பீங்க.

அப்போ பொண்ணு பத்தாவது. டாக்டர் ஆகணும்னு அவளுக்கு சின்ன வயசுல இருந்தே ஆசை, நாங்க திணிச்சது இல்ல. லெட்டரைப் படிச்சிட்டு "அம்மா, என்னை யாரு நாமினேட் பண்ணிருப்பாங்க, பயாலஜி டீச்சரா இருக்குமா"ன்னு கேட்டா. அடுத்த நாள் அந்த டீச்சர் கிட்ட போய் தேங்க்ஸ் வேற சொல்லிட்டு வந்தா. அவங்களுக்கு ஒண்ணுமே தெரியல, ஏதோ நல்ல விஷயம்னு சிரிச்சு அனுப்பிட்டாங்க. அங்கயே நான் நின்னு யோசிச்சிருக்கணும். நாமினேஷன்னு அவங்க சொல்றது முக்கால்வாசி மெயிலிங் லிஸ்ட் தான். பிள்ளைங்க ஸ்கூல்லயும் டெஸ்ட் அன்னிக்கும் "உனக்கு எந்தத் துறை பிடிக்கும்"னு ஒரு ஃபார்ம் ஃபில் பண்ணுவாங்க பாருங்க, அந்த மாதிரி விவரம் எல்லாம் காசுக்குக் கை மாறுது. 2024 பிப்ரவரில நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் (அரசுத் தலைமை வக்கீல்) ஆபீஸ், மாணவர்கள் விவரத்தைப் பகிர்ந்து வித்ததுக்காக, எஸ்ஏடி பரீட்சை நடத்தற காலேஜ் போர்டு மேலயே நடவடிக்கை எடுத்து 7,50,000 டாலர் கட்ட வச்சாங்க. அவ்ளோ பெரிய இடத்துலயே அந்த நிலைமைன்னா மத்ததை நீங்களே யோசிச்சுக்கோங்க.

ஒன்பது நாளுக்கு 4,100 டாலர். ஃப்ளைட் தனி. பத்து நாளுக்குள்ள 600 டாலர் டெபாசிட் கட்டலைன்னா சீட் வேற பிள்ளைக்குப் போயிடும்னு எழுதியிருந்தாங்க, கட்டினா திரும்ப வராது. வீட்டுக்காரர் "கொஞ்சம் விசாரிச்சுட்டுக் கட்டலாமே"ன்னு தான் சொன்னார், நான் தான் நாள் போகுது போகுதுன்னு அவசரப்பட்டு கார்டுல கட்டினேன். மீதியை பேங்க் அக்கவுன்ட்ல இருந்து நேரா கட்டினா 3 பர்சென்ட் குறைப்போம்னாங்க, சரி நூறு டாலராவது மிச்சம்னு அப்படியே கட்டினேன், இந்த மூணு பர்சென்ட்டை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி சொல்றேன்.

ப்ரோஷர்ல ஒரு பெரிய யுனிவர்சிட்டியோட படம், ஸ்க்ரப்ஸ் போட்ட பிள்ளைங்க, ஆபரேஷன் தியேட்டர். நாங்க அந்த யுனிவர்சிட்டி தான் நடத்துதுன்னே நினைச்சோம். கடைசிப் பக்கத்துல பொடி எழுத்துல, இந்த ப்ரோக்ராமுக்கும் யுனிவர்சிட்டிக்கும் எந்த சம்பந்தமும் கிடையாதுன்னு ஒரு வரி இருந்திருக்கு. சம்மர்ல காலியா கிடக்கற டார்மையும் (மாணவர் ஹாஸ்டல்) ஹாலையும் வெளி கம்பெனிங்க வாடகைக்கு எடுக்கறாங்க, அவ்ளோதான் விஷயம். அங்க தங்கறதுக்கும் அந்த யுனிவர்சிட்டில பின்னாடி சீட் கிடைக்கறதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல.

இன்னொரு அறிகுறியும் கண்ணு முன்னாடி இருந்துச்சு, இதை எனக்கு அப்புறமா, ஹாஸ்பிடல்ல டாக்டரா ரெசிடென்சி பயிற்சி பண்ற ஃப்ரெண்டோட தம்பி எடுத்துச் சொன்னான். "அக்கா, ஹாஸ்பிடல் உள்ள கூட்டிட்டுப் போறோம்னு சொன்னாங்களே, டிபி டெஸ்ட் கேட்டாங்களா, தடுப்பூசி ரெக்கார்ட் கேட்டாங்களா, நோயாளி விவரத்தை வெளில சொல்ல மாட்டேன்னு கையெழுத்து வாங்கினாங்களா?" எதுவுமே கேட்கல. டி-ஷர்ட் சைஸ் கேட்டாங்க. 1996ல வந்த ஹிப்பா சட்டத்துக்கு அப்புறம் நோயாளி விவரத்தைக் காப்பாத்தற பொறுப்பு ஹாஸ்பிடல் தலைல இருக்கு, முகம் தெரியாத பதினஞ்சு வயசுப் பிள்ளைங்களைக் கூட்டமா கொண்டு போய் வார்டுல விட மாட்டாங்க. இந்த பேப்பர் எதுவும் கேட்கலைன்னா உங்க பிள்ளை நோயாளி பக்கத்துலயே போகப் போறதில்லன்னு அர்த்தம்.

அப்படியே தான் நடந்துச்சு. சுமார் முந்நூறு பிள்ளைங்க. "டாக்டர்களோட நேரடி அனுபவம்"னு சொன்னது ஒரு ஆடிட்டோரியத்துல ரெண்டு டாக்டருங்க வந்து பேசிட்டுப் போனது, நல்லாத்தான் பேசினாங்களாம், ஆனா கேள்வி கேட்க மைக் இவ வரிசை வரைக்கும் வரவே இல்ல. ஹாஸ்பிடல் விசிட்டுன்னா பஸ்ல கூட்டிட்டுப் போய் லாபி, அப்புறம் ஒரு கான்ஃபரன்ஸ் ரூம், கஃபெட்டீரியால சாப்பாடு, திரும்ப பஸ். ஆபரேஷன் பார்க்கறதுன்னா பழைய ரெக்கார்டிங்கை திரையில போட்டாங்க. காயத்துக்குத் தையல் போடற க்ளாஸ் தான் அவ ரொம்ப எதிர்பார்த்தது, மூணு பேருக்கு ஒரு பன்னிக்கால், ஒரு நீடில் ஹோல்டர், இருபத்தஞ்சு நிமிஷம். இவ கைக்கு வந்தப்போ டைம் முடிஞ்சு போச்சு. சொல்லிக் கொடுத்தது யாருன்னா காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிக்கற பசங்க, அவங்களும் சம்மர் வேலைக்கு வந்தவங்க, அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல.

இது வரைக்கும்னா பணம் போச்சுன்னு விட்டிருப்பேன். நாலாவது நாள் ராத்திரி நடந்ததுக்காகத் தான் இதை எழுதறேன்.

பொண்ணுக்கு ஆஸ்துமா இருக்கு. ஃபார்ம்ல எழுதியிருந்தோம், டாக்டர் லெட்டரும் கொடுத்தோம், அவசரத்துக்குப் போடற ஆல்புடரால் இன்ஹேலர் எப்பவும் அவ கூடவே இருக்கணும்னு அதுல தெளிவா இருந்துச்சு. போன முதல் நாளே எல்லாப் பிள்ளைங்க மருந்தையும் வாங்கி ஒரு பெட்டில வச்சுப் பூட்டிட்டாங்க, இன்ஹேலரையும் சேர்த்து, அதான் ரூல்னு சொல்லி. இவ கொடுத்துட்டா, எனக்குச் சொல்லல. இந்த நாட்டுல 50 மாநிலத்துலயும் ஸ்கூல்ல பிள்ளைங்க ஆஸ்துமா இன்ஹேலரைத் தங்கிட்டயே வச்சுக்க சட்டம் இடம் கொடுக்குது, அதனால எனக்கு இப்படி ஒரு கேள்வி கேட்கணும்னே தோணல. ஆனா அந்த சட்டம் எல்லாம் ஸ்கூலுக்கு, இந்த மாதிரி தனியார் கேம்ப் அவங்கவங்க வச்சது தான் ரூல்.

ராத்திரி பதினொண்ணு தாண்டி போன் வருது. "அம்மா மூச்சு விட முடியல"ன்னு சொல்றா, சொல்றதுக்குள்ளயே விசில் சத்தம் கேட்குது எனக்கு. அந்த ஃப்ளோரைப் பார்த்துக்கற பையனுக்குப் பத்தொன்பது வயசு, பாவம் ஓடறான், பெட்டி இருக்கற ரூமுக்கு சாவி அவன் கிட்ட இல்ல, சாவி வச்சிருந்தவங்க இன்னொரு க்ரூப்பை வெளில கூட்டிட்டுப் போயிருக்காங்க, நர்ஸ் இருக்கான்னு கேட்டா பகல்ல மட்டும் தான் வருவாங்களாம். நான் மூணு மணி நேர டைம் வித்தியாசத்துல, ஃப்ளைட்ல போனாலும் காலைல தான் போய்ச் சேர முடியும்ங்கற தூரத்துல, போனைக் காதுல வச்சுக்கிட்டு நிமிர்ந்து உட்காரு, மெதுவா ஊது, மெதுவா ஊதுன்னு சொல்லிக்கிட்டே இருக்கேன், வீட்டுக்காரர் அவர் போன்ல அவங்க எமர்ஜென்சி நம்பருக்கு அடிக்கறார், வாய்ஸ் மெயில் போகுது. நேரா 911க்குப் போன் பண்ணச் சொன்னேன், ரூம்மேட் பொண்ணு டயல் பண்ணிட்டு இருக்கும்போது சாவி வந்துச்சு. நாப்பது நிமிஷம். மெடிசின் சொல்லிக் கொடுக்கறோம்னு 4,100 டாலர் வாங்கின இடத்துல ஒரு பப் இன்ஹேலருக்கு நாப்பது நிமிஷம். நான் முதல் நிமிஷத்துலயே 911 கூப்பிடச் சொல்லியிருக்கணும், சாவி இதோ வருது இதோ வருதுன்னு அந்தப் பையன் சொன்னதை நம்பிட்டேன். நீங்க யாரும் அப்படிக் காத்திருக்காதீங்க.

அடுத்த நாள் வீட்டுக்காரர் போய்க் கூட்டிட்டு வந்துட்டார். என்ன நடந்துச்சுன்னு எழுத்துல ரிப்போர்ட் கேட்டோம், இன்னைக்கு வரைக்கும் வரல. பணம் கேட்டோம், நடுவுல கிளம்பினா ரீஃபண்ட் கிடையாதுன்னு கான்ட்ராக்ட்ல இருக்காம், நல்லெண்ணத்துல அடுத்த வருஷ ப்ரோக்ராமுக்கு 200 டாலர் தள்ளுபடி தர்றோம்னு பதில். சண்டை வந்தா கோர்ட்டுக்குப் போகாம ஆர்பிட்ரேஷன் (தனியார் மத்தியஸ்தம்) தான்னு நான் படிக்காம கையெழுத்து போட்ட இடத்துல இருந்துச்சு.

இப்போ அந்த மூணு பர்சென்ட் விஷயம். கிரெடிட் கார்டுக்கு 1974ல வந்த ஃபேர் கிரெடிட் பில்லிங் ஆக்ட் பாதுகாப்பு இருக்கு, சொன்னபடி சேவை தரலைன்னா பில்லை எதிர்த்து எழுதலாம், ஆனா அந்த சார்ஜ் முதல்ல வந்த ஸ்டேட்மென்ட்ல இருந்து 60 நாள் தான். இவங்க ஜனவரில வாங்கிட்டு ஜூலைல நடத்தறாங்க, பிரச்சனை வர்றப்போ அந்த 60 நாள் எப்பவோ ஓடிப் போயிருக்கும். ஆனாலும் கார்டு நெட்வொர்க்கோட சொந்த விதிகள்ல சேவை நடக்க வேண்டிய தேதில இருந்து கணக்குப் பண்றதும் உண்டு, அதை வச்சு பேங்க்ல ஏஜென்ட் ஒரு அம்மா பொறுமையா ஃபார்ம் ஃபில் பண்ண உதவி செஞ்சாங்க, ப்ரோஷர், பொண்ணு எழுதி வச்ச டைம் டேபிள், டாக்டர் லெட்டர் எல்லாம் இணைச்சேன், கார்டுல கட்டின 600 டாலர் மட்டும் ரெண்டு மாசத்துல திரும்பி வந்துச்சு. அக்கவுன்ட்ல இருந்து நேரா கட்டின மீதிக்கு இந்த வழி எதுவும் இல்ல, போனது போனது தான். நூறு டாலர் மிச்சம் பிடிக்கப் பார்த்து மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இருந்த பாதுகாப்பை விட்டேன். நுகர்வோர் புகாரைப் பார்க்கற ஃபெடரல் அமைப்பான எஃப்டிசிலயும் மாநில அட்டர்னி ஜெனரல் கிட்டயும் புகார் கொடுத்திருக்கோம், பணம் வருதோ இல்லையோ பதிவாவது ஆகட்டும்.

குரூப்ல ஒருத்தர் "காலேஜ் அப்ளிகேஷனுக்கு உதவுமே, பிஎஸ் எம்டிக்கு வேணுமே"ன்னு (டிகிரியும் டாக்டர் படிப்பும் சேர்ந்த சீட்) கேட்டிருந்தீங்க. காசு கட்டினா யாரு வேணா போகலாம்ங்கற ப்ரோக்ராம் எதுன்னு அட்மிஷன் ஆபீஸ்ல இருக்கறவங்களுக்கு நம்மளை விட நல்லாத் தெரியும். உண்மையாவே போட்டி போட்டு எடுக்கற இடங்கள் பெரும்பாலும் பிள்ளை கிட்ட ஃபீஸ் வாங்கறதில்ல. இப்போ எம்ஐடில நடக்கற ஆர்எஸ்ஐங்கற ஆராய்ச்சி ப்ரோக்ராம் 1984ல இருந்து நடக்குது, படிப்பும் தங்கறதும் சாப்பாடும் இலவசம். டெக்சாஸ் டெக் யுனிவர்சிட்டில க்ளார்க் ஸ்காலர்ஸ்னு இருக்கு, ஏழு வாரம், பன்னண்டு பிள்ளைங்க தான், அவங்களே 750 டாலர் கையில கொடுக்கறாங்க. ஸ்டோனி புரூக் யுனிவர்சிட்டில சைமன்ஸ் ஆராய்ச்சி ப்ரோக்ராமுக்கு நிஜமாவே நாமினேஷன் வேணும், ஆனா அதை உங்க பிள்ளை படிக்கற ஸ்கூல் தான் பண்ணணும், தபால்ல வராது. மெயின் மாநிலத்துல இருக்கற ஜாக்சன் லேப்ங்கற ஆராய்ச்சி நிலையத்துல 1955 சம்மர்ல ஹைஸ்கூல் பையனா போனவர் தான் டேவிட் பால்டிமோர், அங்க தான் ஹோவர்ட் டெமினை சந்திச்சார், 1975ல ரெண்டு பேரும் நோபல் பரிசைப் பகிர்ந்துக்கிட்டாங்க. அங்கயும் சேர்ந்த பிள்ளைங்களுக்கு அவங்க தான் பணம் கொடுத்து வந்திருக்காங்க. இதெல்லாம் கிடைக்கறது ரொம்ப கஷ்டம், என் பொண்ணுக்கும் கிடைக்கல, அப்ளை பண்ணா, ரெண்டு இடத்துல இல்லன்னு வந்துச்சு.

அதுக்கு அப்புறம் அவ பண்ணது தான் எனக்குப் பெரிய ஆறுதல். பதினாறு முடிஞ்சதும் கம்யூனிட்டி காலேஜ்ல நர்ஸ் உதவியாளர் கோர்ஸ் சேர்ந்தா, சிஎன்ஏன்னு சொல்வாங்க, ஃபெடரல் விதிப்படி குறைஞ்சது 75 மணி நேரம், அதுல 16 மணி நேரமாவது மேற்பார்வைல கைப்பட செய்யணும், வயசு வரம்பு மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்க முதல் நாளே டிபி டெஸ்ட் கேட்டாங்க, தடுப்பூசி கார்டு கேட்டாங்க, எனக்கு அப்போ தான் மனசு நிம்மதி ஆச்சு. முதியோர் இல்லத்துல ஒரு பாட்டிக்கு தினமும் சாப்பாடு ஊட்டி, முதுகு புண்ணாகாம திருப்பிப் படுக்க வச்சு, பெட்ஷீட் மாத்தி, சாயங்காலம் களைச்சுப் போய் வருவா. அந்தப் பாட்டி இறந்த அன்னிக்கு அழுதுட்டு, மறுநாள் காலைல யூனிஃபார்ம் போட்டுக்கிட்டு கிளம்பினா. அந்த ஒன்பது நாள் கொடுக்காத எதையோ அந்த வீடு கொடுத்துச்சு. அது வேண்டாம்னா ஹாஸ்பிடல் வாலன்டியர் இருக்கு, ஸ்கூல்ல ஹோசா கிளப் (மெடிக்கல் துறைக்கு வர நினைக்கற பிள்ளைங்களோட கிளப்) இருக்கான்னு பாருங்க, உங்க ஏரியாவுல ஏஹெக் (மெடிக்கல் துறை வேலைக்கு வழி காட்டற) சென்டர் இருந்தா கூப்பிட்டுக் கேளுங்க, ஹைஸ்கூல் பிள்ளைங்களுக்கு சம்மர்ல இலவசமா நடத்தற இடங்கள் உண்டு.

காசு கட்டற ப்ரோக்ராம் எல்லாமே மோசம்னு நான் சொல்லல, யுனிவர்சிட்டியே நடத்தறதுல நல்லா சொல்லிக் கொடுக்கறதும் இருக்கு. ஆனா எதுவா இருந்தாலும் போன் போட்டுக் கேளுங்க, ஒரு இன்ஸ்ட்ரக்டருக்கு எத்தனை பிள்ளைங்க, ராத்திரில நர்ஸ் யாரு, மருந்துப் பெட்டி சாவி யார் கையில, இன்ஹேலரும், கடும் அலர்ஜிக்கு அவசரமா போடற எபிபென் ஊசியும் பிள்ளை கிட்டயே இருக்குமான்னு, பதிலை ஈமெயில்ல எழுதி வாங்குங்க. மழுப்பினா விட்டுடுங்க.

குரூப்ல லெட்டர் போட்ட மூணு பேருக்கும் டெபாசிட்டுக்கு வர்ற வெள்ளிக்கிழமை கடைசி தேதின்னு பார்த்தேன். கட்டறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு போன் போடுங்க, எந்நேரமானாலும் பரவால்ல, பொண்ணும் உங்க பிள்ளைங்க கிட்ட தானே பேசறேன்னு சொல்லியிருக்கா.