முழங்காலில் வந்த லைம் நோய்: மூன்று வருட சிகிச்சை அனுபவம்

எனக்கு வந்தது லைம் ஆர்த்ரைட்டிஸ். அதாவது உண்ணி கடித்துப் பரவும் லைம் நோய் முற்றி மூட்டில் இறங்கிய நிலை. கண்டுபிடித்து மூன்று வருடம் ஆகப்போகிறது. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, நரம்பு வழியாக செஃப்ட்ரியாக்சோன் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக், அப்புறம் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின், கூடவே பிசியோதெரபி என்று எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது. நடுவில் பணம் கட்டிப் போகும் ஒரு தனியார் கிளினிக்கின் வாசலையும் மிதித்துவிட்டு வந்தேன். நியூஜெர்சி, கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பக்கம் இருக்கும் நம் ஆட்களுக்கு இதெல்லாம் தமிழில் ஒரே இடத்தில் இருந்தால் உதவும் என்று எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்களுக்கு எது, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நாங்கள் இருப்பது கனெக்டிகட் ஆற்றோரம். நோய்க்குப் பெயர் கொடுத்த லைம் என்ற ஊரும் இதே ஆற்றின் கரையில்தான் இருக்கிறது. 1970களில் அந்த ஊரிலும் பக்கத்து ஓல்டு லைமிலும் குழந்தைகளுக்கு வரிசையாக முழங்கால் வீங்கியது. பாலி மர்ரே என்ற தாய் விடாமல் குறிப்பெழுதி வைத்து, 1975இல் அதிகாரிகளின் காதில் போட்டார். யேல் பல்கலைக்கழகத்தின் ஆலன் ஸ்டீர் வந்து ஆராய்ந்தார். அவர்கள் முதலில் வைத்த பெயரே லைம் ஆர்த்ரைட்டிஸ்தான். உண்ணிக்குள் இருக்கும் சுருள் வடிவக் கிருமியை வில்லி பர்க்டார்ஃபர் கண்டுபிடித்தது அதற்குச் சில வருடங்கள் கழித்து. அந்தக் கிருமிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்று அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 4,76,000 பேர் இதற்குச் சிகிச்சை எடுப்பதாக அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி மதிப்பிடுகிறது.

உண்ணி கடித்தது எனக்குத் தெரியவே தெரியாது. மே, ஜூன் மாதங்களில் திரியும் இளம் உண்ணி கசகசா விதை அளவுதான் இருக்கும். தோலில் வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்பு பத்தில் ஏழெட்டுப் பேருக்கு வரும் என்கிறார்கள். எனக்கு வரவில்லை, அல்லது முதுகுப் பக்கம் எங்கேயாவது வந்து யார் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். பல மாதம் கழித்து, குளிர் தொடங்கிய நேரத்தில், இடது முழங்கால் திடீரென்று வீங்கியது. சிப்பி இருக்கும் இடமே தெரியவில்லை. விரலால் அழுத்தினால் உள்ளே தண்ணீர் நகர்வது தெரிந்தது. அவ்வளவு வீக்கத்துக்கு வலி குறைவுதான், ஆனால் காலை மடக்க முடியவில்லை. அதிக வீக்கம், குறைந்த வலி என்ற இந்தச் சேர்க்கை லைமில் அடிக்கடி காணும் அடையாளம் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

முதலில் போன எலும்பு டாக்டர் ஊசியால் நீரை எடுத்துவிட்டு, அங்கேயே ஒரு ஸ்டீராய்டு ஊசியும் போட்டுவிடலாம் என்றார். எங்கள் குடும்ப டாக்டர் தடுத்தார். "இந்த ஊரில் முழங்கால் வீங்கினால் முதலில் லைம் பார்க்கணும், அப்புறம்தான் மற்றது" என்றார். ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் மூட்டுக்குள் ஸ்டீராய்டு போனால் வீக்கம் நீண்டுபோக வாய்ப்பு உண்டு என்பதுதான் காரணம். இந்த ஒரு தகவலுக்காகவே இந்தக் கட்டுரையை நாலு பேருக்கு அனுப்பினால் நல்லது. எடுத்த நீர் கலங்கிய மஞ்சளாக இருந்தது. அதில் வெள்ளணுக்கள் நிறைய. யூரிக் அமிலப் படிகம் எதுவும் இல்லை.

ரத்தப் பரிசோதனை இரண்டு கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் பாசிட்டிவ் வந்தால்தான் இரண்டாவது. என் ரிப்போர்ட்டில் இரண்டாவது கட்டம் வெஸ்டர்ன் பிளாட், அதாவது கிருமிக்கு எதிராக உடம்பு உருவாக்கிய எதிர்ப்புப் பொருள்களைக் கோடு கோடாகக் காட்டும் டெஸ்ட். ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் வகையில் பத்துக் கோடுகளில் குறைந்தது ஐந்து தெரிய வேண்டும். எனக்கு ஐந்தைத் தாண்டியே இருந்தது. மூட்டுக்கு வந்துவிட்ட கட்டத்தில் சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் காட்டிவிடும். சிக்கல் எல்லாம் ஆரம்ப நாட்களில்தான். எதிர்ப்புப் பொருள் உருவாகும் முன்பே ரத்தம் கொடுத்தால் நெகட்டிவ் என்று வரலாம். தடிப்பு தெளிவாக இருந்தால் டெஸ்டுக்குக் காத்திருக்காமல் மருந்து கொடுப்பது அதனால்தான். இன்னொன்று, குணமான பிறகும் இந்த டெஸ்ட் பல வருடம் பாசிட்டிவாகவே நிற்கும். "கிருமி போய்விட்டதா" என்று பார்க்கத் திரும்பத் திரும்ப ரத்தம் கொடுப்பதில் பலன் இல்லை. இதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பல இரவு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

சரி, மருந்துக்கு வருகிறேன்.

தோலில் தடிப்பு மட்டும் இருப்பவர்களுக்கு 10 நாள் டாக்சிசைக்ளின் போதும். மூட்டுக்கு வந்தால் 28 நாள். 100 மில்லிகிராம், காலையும் இரவும். விலை குறைந்த பழைய மருந்து. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "நம்ம ஊர்ல உண்ணிக்காய்ச்சல்னு சொல்றாங்களே, அதுவாப்பா?" என்று பதறினார்கள். அது வேறு கிருமி, வேறு பூச்சி, ஆனால் அதற்கும் இதே மாத்திரைதான் என்றதும் கொஞ்சம் அமைதியானார்கள்.

நம் சாப்பாட்டு முறைக்கும் இந்த மாத்திரைக்கும் கொஞ்சம் ஒத்துப்போகாது. பால், தயிர், கால்சியம் மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குப் போடும் ஆன்டாசிட் எல்லாம் மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். அதனால் காலையில் இட்லியோடு மாத்திரை, இரண்டு மணி நேரம் கழித்துத்தான் காபி என்று வைத்துக்கொண்டேன். இரவுத் தயிர் சாதம் ரசம் சாதமாக மாறியது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டல் உறுதி. ஒரு முழு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், போட்ட உடனே படுக்கவே கூடாது. தொண்டைக்குழாயில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகிவிடும். எனக்கு முதலில் டாக்சிசைக்ளினில் ஹைக்லேட் வகை கொடுத்தார்கள். நெஞ்சு எரிந்தது. மருந்துக்கடையில் கேட்டு, டாக்டர் ஒப்புதலோடு அதே மருந்தின் மோனோஹைட்ரேட் வகைக்கு மாறினேன், பரவாயில்லாமல் இருந்தது. வெயிலும் ஆகாது. குளிர்கால வெயில்தானே என்று தோன்றும். கார் ஓட்டும்போது ஸ்டியரிங் மேல் இருந்த கையின் புறங்கை மட்டும் சிவந்து எரிந்தது. கர்ப்பிணிகளுக்கும் டாக்சிசைக்ளின் ஒத்துவராதவர்களுக்கும் அமாக்சிசிலின் கொடுப்பார்கள்.

28 நாள் முடிந்தபோது வீக்கம் பாதியாகத்தான் குறைந்திருந்தது. அடுத்து இரண்டு வழிகள் இருந்தன: ஓரளவு குறைந்திருந்தால் இன்னொரு சுற்று மாத்திரை, சுத்தமாகக் குறையவில்லை என்றால் நரம்பு வழியாக செஃப்ட்ரியாக்சோன், 2 முதல் 4 வாரம். தொற்றுநோய் நிபுணர் முதலில் மாத்திரையையே நீட்டினார். வீக்கம் திரும்ப ஏறியதும் செஃப்ட்ரியாக்சோனுக்கு மாற்றினார்.

அதற்கு மேல்கையில் பிக் லைன் என்ற மெல்லிய குழாயைப் போட்டுவிடுவார்கள். அதன் நுனி இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பெரிய ரத்தக்குழாய் வரை போகும். மருந்து வீட்டுக்கே வந்துவிடும். ரப்பர் பந்து மாதிரி ஒன்றில் அடைத்து அனுப்புவார்கள். பிரிட்ஜிலிருந்து எடுத்து, குளிர் போகும் வரை சமையலறை மேடையில் வைத்திருந்து, சலைன் ஏற்றிக் குழாயைச் சுத்தம் செய்து, பந்தை மாட்டினால் அது தானாகவே சுருங்கிச் சுருங்கி மருந்தை உள்ளே அனுப்பும். மாட்டிக்கொண்டே ஆபீஸ் மீட்டிங்கில் உட்காரலாம். குளிப்பதுதான் பெரும்பாடு. கையில் பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, கையைத் தூக்கிக்கொண்டே குளிக்க வேண்டும். வாரம் ஒருமுறை நர்ஸ் வந்து கட்டு மாற்றி, ரத்தம் எடுத்துப் போவார். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று அவர் ஒவ்வொரு முறையும் சொல்லுவார். அந்தக் குழாய் வழியாகக் கிருமி நேரே ரத்தத்தில் இறங்கிவிடும். இந்த மருந்து பித்தப்பையில் கசடு சேர்க்கவும் கூடும், கடுமையான வயிற்றுப்போக்கையும் கொண்டுவரலாம். எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் மட்டும் முழுதாக வடியவில்லை.

இந்தக் கட்டத்தில்தான் மனசு ஆடிப்போகும். தெரிந்தவர் ஒருவர் சொல்லி ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனேன். இன்ஷூரன்ஸ் எடுக்க மாட்டார்கள். ஆனால் அவசரமே இல்லாமல் உட்கார்ந்து கேட்டார்கள். என் தூக்கம், மறதி, களைப்பு, எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்கள். அது வரை எந்த டாக்டரும் அவ்வளவு நேரம் கொடுத்ததில்லை, அதனால்தான் ஜனங்கள் அங்கே போகிறார்கள் என்று புரிந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கையில் கொடுத்த திட்டம் வேறு: மாதக்கணக்கில் நரம்பு வழி ஆன்டிபயாடிக், ஓசோன், மூலிகைச் சொட்டு மருந்துகள், அவர்கள் சொல்லும் லேபில் மட்டும் செய்யும் சிறுநீர்ப் பரிசோதனை.

வீட்டுக்கு வந்து படித்தேன். சிகிச்சைக்குப் பிறகும் தொந்தரவு நீடித்தவர்களுக்கு 30 நாள் செஃப்ட்ரியாக்சோனும் அதைத் தொடர்ந்து 60 நாள் டாக்சிசைக்ளினும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2001இல் வந்திருக்கிறது. மருந்து எடுத்தவர்களுக்கும் வெற்று மருந்து எடுத்தவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. 2016இல் நெதர்லாந்தில் இருந்து வந்த ஆய்வும் அதையே சொன்னது: ஆரம்ப இரண்டு வார செஃப்ட்ரியாக்சோனுக்குப் பிறகு 12 வாரம் கூடுதலாகக் கொடுத்தும் பலன் கூடவில்லை. 2017இல் சிடிசி, "நாள்பட்ட லைம்" என்ற பெயரில் நீண்ட சிகிச்சை எடுத்து ரத்தத் தொற்று, முதுகெலும்புத் தொற்று என்று மாட்டிக்கொண்டவர்களின் கதைகளை வெளியிட்டது. அதில் உயிரிழப்பும் உண்டு. கையில் குழாய் இருந்த எனக்கு அதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. அந்தத் திட்டத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்த நோயாளிகளின் வேதனை பொய் என்று யாரும் நினைக்க வேண்டாம். களைப்பும் வலியும் நிஜம்தான், அதை இன்னும் ஆன்டிபயாடிக் ஊற்றித் தீர்க்க முடியவில்லை என்பதுதான் அந்த ஆய்வுகள் சொல்வது.

எனக்கு வழி திறந்தது வாத நோய் நிபுணரிடம் போன பிறகு. கிருமி செத்துவிட்டது, ஆனால் எதிர்ப்பு சக்தி சண்டையை நிறுத்தவில்லை என்று விளக்கினார். சில மரபணு வகை உள்ளவர்களுக்கு இப்படி ஆவது அதிகமாம். 2019இல் வந்த ஓர் ஆய்வில், கிருமியின் செல்சுவர்த் துண்டுகள் மூட்டு நீரிலேயே தங்கி வீக்கத்தைத் தூண்டுவதைக் கண்டிருக்கிறார்கள். தீ அணைந்த பிறகும் வீடு புகைகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மருந்து ஆன்டிபயாடிக் இல்லை, எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினில் ஆரம்பித்தோம். சரிப்படாவிட்டால் மெத்தோட்ரெக்சேட், அதற்கும் மேலே மூட்டு உள்ளுறையை எடுக்கும் அறுவை சிகிச்சை என்று முழுப் படிவரிசையையும் முதல் நாளே காட்டினார். அந்தத் தெளிவே பாதி பலம் கொடுத்தது.

மருந்து வேலை செய்ய மாதங்கள் ஆகும். பொறுமை வேண்டும். இது விழித்திரையைப் பாதிக்கக்கூடும் என்பதால் கண் டாக்டரிடம் ஆரம்பத்திலேயே காட்ட வேண்டும். ஒருநாள் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்காமலே இறங்கியிருக்கிறேன் என்று பாதியில்தான் கவனித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் சாப்பிட்டு, மெல்லக் குறைத்து, இப்போது நிறுத்தியாகிவிட்டது.

பிசியோதெரபியை யாரும் இரண்டாம்பட்சமாக நினைக்காதீர்கள். வீங்கிய முழங்காலுக்கு மேலே தொடைத்தசை கிடுகிடுவென்று கரைந்துவிடும். என் இரண்டு தொடைகளையும் டேப் வைத்து அளந்து காட்டியபோது எனக்கே பயமாக இருந்தது. வீக்கம் போனதும் கால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். ஆனால் நடையைத் திருப்பிக் கொடுத்தது படுத்தபடி நீட்டிய காலைத் தூக்குவதும், நின்ற இடத்து சைக்கிள் மிதிப்பதும்தான். தரையில் சம்மணம் போட்டு உட்கார வரும் வரை நான் விடவில்லை. இப்போது சாப்பிடும் நேரமெல்லாம் உட்கார முடிகிறது. நீண்ட தூரம் கார் ஓட்டினால் மட்டும் கொஞ்சம் இறுக்கம் இருக்கும்.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது இந்த நோயில் கிடையாது. தோட்டத்து வேலைக்குப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி தெளித்த பேன்ட்தான் போடுகிறேன். உள்ளே வந்ததும் துணியை டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிடுவேன். போன வசந்தத்தில் என் மனைவியின் முழங்காலுக்குப் பின்னால் இந்த நோயைப் பரப்பும் மான் உண்ணி ஒன்று ரத்தம் குடித்து உப்பிப்போய் ஒட்டியிருந்தது. கூர்முனை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுத்து எடுத்தேன். உண்ணியை ஜிப் பையில் போட்டு, அன்றே டாக்டரைக் கூப்பிட்டோம். ஒன்றரை நாளுக்கு மேல் ஒட்டியிருந்ததாகத் தெரிந்தால், எடுத்த 72 மணி நேரத்துக்குள் 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளினை ஒரே வேளையாகக் கொடுக்கலாம். மருந்துக்கடை மூடும் முன் போய் வாங்கி வந்து, அன்று இரவு ரசம் சாதத்தோடு போட்டுக்கொண்டாள். அடுத்த ஒரு மாதம் தினமும் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். தடிப்பு எதுவும் வரவில்லை.