கோலக் கயிறு 18 மலேசிய வெள்ளி, கும்மிப் பாட்டு இலவசம்

போன வருடம் தைப்பூசத்தில், பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கிற வழியில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கித் திரும்பினால் நாலு வயது மகளைக் காணோம். கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டாள், ஆனால் அந்தக் கால் மணி நேரம்! ஒலிபெருக்கியில் "மஞ்சள் பாவாடை போட்ட சிறுமி" என்கிறார்கள். தைப்பூசத்தில் மஞ்சள் போடாத பிள்ளை எங்கே இருக்கிறது? அம்மா பெயர் கேட்டதற்கு "அம்மா" என்றாளாம்.

அதனால்தான் இந்த வருடம் லிட்டில் இந்தியாவில் ஒரு சின்னக் கைவினைக் கடையில் விற்கும் கோலக் கயிற்றை வாங்கினேன். துணியில் சிக்குக் கோலம் தைத்த இரண்டு கயிறுகள், பிள்ளைக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. குடும்பத்துக்கு ஒரு கோலம். வெளியே பெயர் கிடையாது, அது நல்ல யோசனை, ஏனென்றால் முன்பின் தெரியாதவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிப் போய்விடும். கைப்பேசி எண் உள்பக்கம் இருக்கிறது.

பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனால் எண்ணைப் பேனாவால் எழுதித் தருகிறார்கள். காலையில் கட்டியது, வேர்வையும் தண்ணீரும் பட்டு, 513 படி ஏறி இறங்குவதற்குள் 3 எது 8 எது என்று தெரியவில்லை. அப்புறம், பந்தலில் இருக்கும் தொண்டர்களுக்கு இந்தக் கோல விஷயமே தெரியாது. பிள்ளை கிடைத்த பிறகு இவள்தான் தாய் என்று காட்ட உதவும், தேடிக் கண்டுபிடிக்க உதவாது. கயிற்றுக்கு மட்டும் என்றால் 18 வெள்ளி அதிகம்.

ஆனால் அதோடு இலவசமாக வருகிற சனிக்கிழமை வகுப்புக்காகவே இன்னொரு முறை காசு கொடுப்பேன். கடைக்கார அக்கா வங்காளத்துப் படச்சுருள் ஒன்றை விரித்து உட்காருகிறார். மேற்கு வங்கத்தில் நயா என்ற கிராமத்தில் பட்டுவா ஓவியர்கள் இப்படித்தான் சுருளைக் கட்டம் கட்டமாக விரித்து, விரலால் தொட்டுக் காட்டிப் பாடுவார்கள். புராணக் கதையோடு பிள்ளை கடத்தலைப் பற்றியும் வரைந்து பாடியிருக்கிறார்கள். நீலத்துக்குச் சங்குப்பூ, மஞ்சளுக்கு மஞ்சள், ஒட்டுவதற்கு வில்வக்காய்ப் பிசின். நம் ஊர்ச் சோற்றில் போடுகிற அதே சங்குப்பூதான் என்றதும் பிள்ளைகள் சுருளை மோந்து பார்க்கப் போய்விட்டார்கள். சந்தையில் தொலைந்த ஒரு பிள்ளையின் கதையைத்தான் அக்கா பாடினார். பயமுறுத்தவில்லை. தொலைந்தால் அங்கேயே நில், ஓடாதே, பிள்ளையோடு இருக்கும் ஓர் அம்மாவிடம் போ, அவ்வளவுதான் சேதி.

கடைசியில் கும்மி. கைதட்டிச் சுற்றிவந்து அவரவர் வீட்டுக் கைப்பேசி எண்ணைப் பாட வேண்டும். என் மகள் குளிக்கும்போது பாடுகிறாள், காரில் பாடுகிறாள், பத்து வருடமாக என் எண் தெரியாத மாமியாருக்கே இப்போது மனப்பாடம். என்ன, நடுவிலிருந்து கேட்டால் வராது, முதலிலிருந்து கைதட்டித்தான் ஆரம்பிப்பாள். பரவாயில்லை.

கையில் ஒரு தாளும் தருகிறார்கள்: 24 மணி நேரம் காத்திருக்க வேண்டாம், உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள், அவசர எண் 999, 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை காணாமல் போனால் எல்லோருக்கும் அறிவிப்பதற்காக 2011இல் வந்த நூர் எச்சரிக்கை என்று ஒன்று இருக்கிறது. குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தேன்.

ஒரு பெரிய குறை. எண்ணைத் தமிழில் மட்டுமே சொல்லிக்கொடுக்கிறார்கள். பினாங்கில் தொலைந்த பிள்ளையை முதலில் பார்ப்பவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம், அவரிடம் போய் "பூச்சியம் ஒண்ணு" என்று கும்மியடித்தால் பாவம் அவர் என்ன செய்வார்? அக்காவிடம் சொன்னேன், அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்றார். நாங்கள் காத்திருக்கவில்லை, வீட்டிலேயே அதே தாளத்தில் மலாய் எண்களில் கோசோங், சாத்து, டுவா என்று மாற்றிவிட்டோம். கோசோங் கும்மிக்கு இன்னும் நன்றாகவே பொருந்துகிறது.