நாடி இல்லாத ஐந்தரை வருடம்: எல்வேட் பம்ப்புடன் என் அனுபவம்

என் வயிற்றின் வலது பக்கத்திலிருந்து ஒரு கம்பி வெளியே வந்து ஐந்தரை வருடம் ஆகிறது. அதன் ஒரு முனை இதயத்தின் இடது கீழறையில் பொருத்திய பம்ப்பில் இருக்கிறது, மறுமுனை இடுப்பு பெல்ட்டில் இருக்கும் கண்ட்ரோலரில். கண்ட்ரோலருக்கு மின்சாரம் கொடுக்க இரண்டு பேட்டரிகள். இந்த மொத்த ஏற்பாட்டுக்கு எல்வேட் என்று பெயர். இதயம் மிகவும் பலவீனமாகி, மருந்து மாத்திரை எதுவும் போதாமல் போனவர்களுக்கு இதை வைப்பார்கள். செல்போன் வாங்கி ஆறு மாதம் கழித்து எழுதுகிற மதிப்புரை மாதிரி இதை எழுத முடியாது. பிடிக்கவில்லை என்று திருப்பிக் கொடுக்கிற பொருளா இது? ஆனாலும் வைத்துக்கொள்ளலாமா வேண்டாமா என்று தவிக்கிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அதனால் நான் பட்டதையும் படித்ததையும் சேர்த்து எழுதி வைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை என்பதை மட்டும் கடைசி வரை நினைவில் வைத்திருங்கள்.

பம்ப்புக்கு முன்னால் நான்கு வருடம் மாத்திரையில் ஓடியது. ஆரோக்கியமான இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கீழறையில் நிறைந்த ரத்தத்தில் பாதிக்கு மேல் வெளியே தள்ளிவிடும். என்னுடையது 15 சதவீதத்தில் வந்து நின்றது. அந்தக் காலத்தில் கற்றுக்கொண்ட ஒரு விஷயம் பின்னால் எல்லா முடிவுகளுக்கும் உதவியது. இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்கள் உடம்பு இன்னும் மோசமானது. மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிடுவேன். நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினேன், மருத்துவர் மசியவில்லை. பலவீனமான இதயத்துக்கு இந்த வகை மருந்தே ஆகாது என்றுதான் ஒரு காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். 1975-இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க்கில் ஏழே ஏழு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் அந்த நம்பிக்கையை அசைத்தார்கள். 2001-இல் வெளியான கோப்பர்னிக்கஸ் ஆய்வில், என்னைப் போலத் தீவிர நிலையில் இருந்த 2,289 பேரில் கார்வெடிலால் என்ற பீட்டா பிளாக்கர் உயிரிழப்பை 35 சதவீதம் குறைத்திருந்தது.

அதற்கு நேர்மாறான கதையும் உண்டு. கடைசி மாதங்களில் எனக்கு இதயத்தைப் பலமாகச் சுருங்க வைக்கும் மில்ரினோன் என்ற மருந்து நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறியது. அடடா, என்ன சுகம்! இரண்டாவது நாளே மூச்சு வாங்குவது குறைந்தது, கால் வீக்கம் வடிந்தது, பசி எடுத்தது. இதையே வாழ்நாள் முழுக்க ஏற்றிக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். 1991-இல் வந்த பிராமிஸ் ஆய்வைப் பற்றி அப்போதுதான் சொன்னார்கள். அதே மருந்தை மாத்திரையாக 1,088 பேரை வைத்துச் சோதித்ததில், உயிரிழப்பு 28 சதவீதம் கூடியிருந்தது. இன்றைக்கு மில்ரினோன் பெரும்பாலும் பம்ப்போ மாற்று இதயமோ கிடைக்கும் வரை தாக்குப்பிடிக்க வைக்கும் மருந்துதான். உடம்புக்கு இதமாக இருக்கிற மருந்தே உயிரைக் காக்கும் என்று அதன்பிறகு நான் நம்புவதில்லை.

சரி, பம்ப் வைக்கும் முடிவுக்கு வருகிறேன். மருத்துவர் இரண்டு ஆய்வுகளை எடுத்துச் சொன்னார். முதலாவது, 2001-இல் வந்த ரீமேட்ச். மாற்று இதயத்துக்குத் தகுதியில்லாத 129 பேர். ஒரு வருடம் கழித்து, மருந்து மட்டும் எடுத்தவர்களில் 25 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள், பம்ப் வைத்தவர்களில் 52 சதவீதம். ஆனால் இரண்டு வருட முடிவில் அந்த 52 என்பது 23 ஆகிவிட்டது. அன்றைய பம்ப் ஒரு கிலோவுக்கு மேல் எடை, சத்தமும் போடும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். இரண்டாவது, மொமென்டம் 3. 1,028 பேர், இறுதி முடிவு 2019-இல் வந்தது. காந்தப் புலத்தில் எதையும் தொடாமல் மிதந்தபடி சுழலும் ஹார்ட்மேட் 3 பம்ப்பை, அதற்கு முந்தைய ஹார்ட்மேட் 2-உடன் ஒப்பிட்டார்கள். முடக்கிப் போடும் பக்கவாதமும் இல்லாமல், பம்ப்பை மாற்றவோ எடுக்கவோ மறு அறுவையும் இல்லாமல் இரண்டு வருடம் உயிரோடு இருந்தவர்கள் புதியதில் 76.9 சதவீதம், பழையதில் 64.8. பம்ப்புக்குள் ரத்தம் உறைந்ததாகச் சந்தேகம் வந்தவர்கள் பழையதில் 13.9 சதவீதம், புதியதில் 1.4 மட்டும்தான். பக்கவாதமும் 19.4-இலிருந்து 9.9-க்கு இறங்கியிருந்தது.

எல்லாம் கேட்டுவிட்டு என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அந்த எழுபத்தேழு பேர்ல இவர் இருப்பாரா டாக்டர்?”

“அதைச் சொல்ல முடியாதும்மா” என்றார் அவர். எனக்கு அந்த பதில் பிடித்திருந்தது. 2020 தொடக்கத்தில், காந்தத்தில் மிதக்கும் வகைப் பம்ப்பையே வைத்துக்கொண்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது மாதம் நிற்காமல் இரண்டு மாடி ஏறினேன். மல்லாந்து படுத்துத் தூங்கினேன். நான்கு வருடமாக மூன்று தலையணை அடுக்கிச் சாய்ந்தே தூங்கியவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சிறுநீரகப் பரிசோதனை எண்கள் சீரடைந்தன. நீர் மாத்திரை பாதியாகக் குறைந்தது. இந்த ஒரு விஷயத்தில் ஆய்வு சொன்னதும் என் உடம்பு சொன்னதும் ஒன்றாகவே இருந்தன.

நாடி கிடைக்காது என்பதை மட்டும் யார் சொன்னாலும் முதலில் மனம் ஏற்காது. பம்ப் நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேல் சுழன்று ரத்தத்தை ஆறு மாதிரித் தொடர்ந்து அனுப்புகிறது. உள்ளே ரத்தம் தேங்கி உறையாமல் இருக்க இரண்டு நொடிக்கு ஒருமுறை வேகத்தைக் குறைத்துக் கூட்டும். ஆனால் மணிக்கட்டைப் பிடித்துப் பார்க்கிறவர்களுக்கு அது பெரும்பாலும் தட்டுப்படாது. ஒருமுறை கண் பரிசோதனைக்குப் போன இடத்தில் ஓர் இளம் செவிலியர் என் கையைப் பிடித்தார், மறு கையைப் பிடித்தார், கழுத்தைத் தொட்டார். விரலில் மாட்டிய ஆக்சிஜன் கருவியும் எண் எதுவும் காட்டவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “சார், நீங்க நல்லா இருக்கீங்களா?” என்றார். சிரித்துவிட்டேன். ரத்த அழுத்தத்தை, ரத்த ஓட்டத்தின் ஒலியைக் கேட்க உதவும் டாப்ளர் கருவி வைத்துத்தான் அளக்க வேண்டும், அதுவும் மேல் கீழ் என்று இரண்டு எண் இல்லை, ஒரே சராசரி எண். சட்டைப் பையில் எப்போதும் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். மயங்கி விழுந்தால் நாடியைத் தேடி நேரத்தை வீணாக்காமல், பம்ப் ஓடும் ரீங்காரம் கேட்கிறதா என்று மார்பில் காதோ ஸ்டெதஸ்கோப்போ வைத்துப் பாருங்கள் என்று அதில் எழுதியிருக்கிறது.

இனி கம்பி. இதைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும், ஏனென்றால் முடிவெடுக்கும் நேரத்தில் யாரும் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மொமென்டம் 3 முக்கிய அளவுகோலாக வைத்தது உயிர், பக்கவாதம், பம்ப் மாற்றம் ஆகியவற்றை. தொற்றைத் தனியாகக் கணக்கெடுத்தார்கள். அதில் பழைய பம்ப்புக்கும் புதியதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எப்படி இருக்கும்? பம்ப் எவ்வளவு மேம்பட்டாலும், தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும் கம்பி அதே கம்பிதானே! என் மனைவி முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு அந்த இடத்தைச் சுத்தம் செய்து கட்டுப் போடுகிறாள். முதலில் தினமும், இப்போது வாரம் மூன்று முறை. அவள் ஊருக்குப் போக வேண்டுமானால் முதலில் மகளுக்குப் பயிற்சி, பிறகுதான் பயணம். இது எந்த அட்டவணையிலும் வராத கணக்கு.

மூன்றாவது வருடம் என் கவனக்குறைவால் ஒரு வினை வந்தது. பேட்டரிப் பையை மேசைமேல் வைத்துவிட்டு அதை மறந்து எழுந்துவிட்டேன். பை சரிந்து விழ, கம்பி சுளீரென்று இழுபட்டது. ரத்தம் ஒரு சொட்டுதான். மூன்று வாரம் கழித்து துளையைச் சுற்றிச் சிவந்து சீழ் கட்டியது. பத்து நாள் மருத்துவமனை, பிறகு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக். அன்றிலிருந்து கம்பியை வயிற்றோடு பிடித்து வைக்கும் ஒட்டுப்பட்டை இல்லாமல் படுக்கையை விட்டு எழுவதில்லை.

இரண்டாவது வருடம் வந்த ரத்தக்கசிவு வேறு கதை. கருப்பாக மலம் போனது, ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியது. பம்ப் வைத்தவர்களுக்கு இது அரிதல்ல. ரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் என்ற நீளமான புரதம் சுழலியின் வேகத்தில் அறுபட்டுச் சிறிதாகிவிடுகிறது. துடிப்பில்லாத ஓட்டம் நீடிக்கும்போது குடலில் எளிதில் கசியும் நுண் ரத்தக்குழாய்களும் உருவாகின்றன. அதோடு, பம்ப்பில் ரத்தம் உறையக்கூடாதென்று வார்ஃபரின், அதற்கு மேல் ஆஸ்பிரின் வேறு. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று நான் காத்த விரதத்தை ஒரே ஒரு ஜுர மாத்திரை கலைத்துவிட்ட நாட்களும் உண்டு.

அந்த ஆஸ்பிரின் எதற்கு என்று யாராவது எப்போதாவது கேட்டிருக்க வேண்டும் அல்லவா? கேட்டார்கள். 2023 நவம்பரில் ஏரிஸ் ஆய்வின் முடிவு வந்தது. ஒன்பது நாடுகளில் ஹார்ட்மேட் 3 வைத்த 628 பேர். எல்லோருக்கும் வார்ஃபரின் வகை மருந்து, பாதிப் பேருக்கு ஆஸ்பிரின், மீதிப் பேருக்கு அதே போலத் தோன்றும் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. ஒரு வருடத்தில் ரத்தக்கசிவு, உறைவு போன்ற பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் உயிரோடு இருந்தவர்கள் ஆஸ்பிரின் பக்கம் 68 சதவீதம், ஆஸ்பிரின் இல்லாத பக்கம் 74. கசிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, உறைவு கூடவில்லை. பழைய பம்ப்புகளின் காலத்திலிருந்து வழக்கமாகக் கொடுத்து வந்த மாத்திரை அது, அவ்வளவுதான். அடுத்த பரிசோதனையில் எனக்கு அதை நிறுத்தினார்கள். அதன்பிறகு இதுவரை கசிவு இல்லை. என் ஒருவன் அனுபவம் எதையும் நிரூபிக்காது என்பதும் தெரியும். ஸ்டென்ட் போன்ற காரணங்களுக்காக ஆஸ்பிரின் கட்டாயம் தேவைப்படுகிறவர்களை இந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை, அதனால் இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக நிறுத்திவிட வேண்டாம்.

சின்ன விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். முழு சார்ஜ் ஏறிய ஒரு ஜோடி பேட்டரி அதிகபட்சம் 17 மணி நேரம் தாங்கும், இரவில் சுவர் மின்சாரம். மாற்று கண்ட்ரோலரும் உபரி பேட்டரியும் இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. நீச்சல் இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை, குளிக்கத் தனிப் பை உண்டு. நிலைமின்சாரம் ஆகாது என்பதால் வேக்குவம் கிளீனர் பிடிக்கக் கூடாது. இந்த ஒரு தடையை மட்டும் நான் மிகுந்த ஒழுக்கத்தோடு கடைப்பிடிக்கிறேன். பம்ப் தாங்குவது இதயத்தின் இடது பக்கத்தை மட்டும்தான். வலது பக்கம் தன் வேலையைத் தானே பார்த்தாக வேண்டும், அது சோர்ந்தால் மறுபடி கால் வீங்கும். எனக்கு நான்காவது வருடத்திலிருந்து லேசாக ஆரம்பித்திருக்கிறது. நீர் மாத்திரை பழைய அளவுக்கே திரும்பிவிட்டது.

கம்பியே இல்லாத பம்ப் எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். தோல் வழியாகக் கம்பியில்லாமல் மின்சாரம் அனுப்புவது புது யோசனை அல்ல. 2001-இல் அமெரிக்காவின் லூயிவில்லில் பொருத்திய அபியோகோர் செயற்கை இதயம் அப்படித்தான் ஓடியது, அதைப் பெற்றவர் 151 நாள் வாழ்ந்தார். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் எங்களைப் போன்றவர்களின் அன்றாடப் புழக்கத்துக்கு அது வரவில்லை. அதை நம்பி அறுவையைத் தள்ளிப்போடாதீர்கள் என்பேன்.

மொமென்டம் 3-இன் ஐந்து வருட முடிவு 2022-இல் வந்தபோது எனக்கு இரண்டு வருடம்தான் முடிந்திருந்தது. ஹார்ட்மேட் 3 வைத்தவர்களில் ஐந்தாவது வருடத்தில் உயிரோடு இருப்பவர்கள் 58.4 சதவீதம் என்று படித்தேன். பழைய பம்ப்பில் 43.7. மருத்துவருக்கு அது முன்னேற்றம். எனக்கு நூறில் மீதி 42 பேர்தான் கண்ணில் நின்றார்கள். அன்றிரவுதான் நாங்கள் அதுவரை தள்ளிப்போட்ட பேச்சைப் பேசினோம். பெரிய பக்கவாதம் வந்து நினைவு திரும்பாமல் போனால் இந்தப் பம்ப்பை என்ன செய்வது, நிறுத்தச் சொல்வது யார்? இதயம் தானாக நின்று முடியும் கதை எனக்கு இல்லை, யாராவது ஒருவர் சொல்லித்தான் ஆக வேண்டும். தீவிர இதயச் செயலிழப்புள்ள 150 பேரை வைத்து நடந்த பால்-எச்எஃப் என்ற ஆய்வு 2017-இல் வந்தது. வழக்கமான சிகிச்சையோடு வலிதணிப்புச் சிகிச்சைக் குழுவும் சேர்ந்து கவனித்தவர்களின் வாழ்க்கைத் தரம் கூடியிருந்தது, பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. நாங்களும் அப்படி ஒரு குழுவைக் கேட்டு வாங்கினோம். அறுவைக்கு முன்பே கேட்டிருக்கலாம்.

“ஏங்க, இதை எழுதித்தான் ஆகணுமா?” என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். பிறகு அவளே ஒரு வரி சேர்த்தாள், மகள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். அந்தத் தாள் இப்போது மாற்று கண்ட்ரோலர் இருக்கும் பையிலேயே, பக்கவாட்டு ஜிப்புக்குள் இருக்கிறது.