ஃபவுண்ட்ரியில் பாத்ஃபைண்டர்: சில வருடங்களுக்குப் பிறகு

ஆளுக்கொரு பாத்திரமாகப் பகடை உருட்டிக் கதை ஆடும் ரோல்-பிளேயிங் ஆட்டக் குழு எங்களுடையது, ஆனால் ஆளுக்கொரு ஊரில் இருக்கிறோம். ஆன்லைனில் ஆடுவதைத் தவிர வேறு வழியில்லை. ரோல்20-இல்தான் தொடங்கினோம். 2012-லிருந்து இருக்கும் தளம். பிரவுசரில் திறந்தால் போதும், இலவசமாகவே ஆடலாம். ஆனால் மேப்பில் சுவர், வெளிச்சம், பார்வை எல்லாம் வேண்டுமென்றால் அப்போது சந்தா கட்ட வேண்டியிருந்தது. அதே வேலையைச் செய்யும் ஃபவுண்ட்ரி என்ற மென்பொருள் 2020-ல் வந்தது. ஒரே தடவை 50 டாலர், வரி தனி. கேம் மாஸ்டர் (கதையை நடத்துபவர், எங்கள் குழுவில் நான்) ஒருவர் வாங்கினால் போதும், மற்றவர்கள் லிங்க்கைத் தட்டி உள்ளே வந்துவிடலாம். பணத்தைப் பங்கு போட்டு மாறிவிட்டோம்.

மாறியதன் பலன், நாங்கள் ஆடும் பாத்ஃபைண்டர் என்ற ரோல்-பிளேயிங் ஆட்டத்தின் இரண்டாம் பதிப்பில்தான் முழுசாகத் தெரிந்தது. அது கணக்குப்பிள்ளைகளுக்கான ஆட்டம். ஒருவர் தன் முறை வரும்போது அடிக்கும் இரண்டாவது அடிக்குப் பகடை எண்ணில் 5 குறையும், மூன்றாவதற்கு 10. பயந்திருந்தால் இன்னும் குறையும். எதிரியை இரண்டு பக்கமும் வளைத்துக்கொண்டால் அவனுடைய பாதுகாப்பு 2 இறங்கும். ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு போனஸ் கூடாது, பெரியது மட்டும்தான் செல்லும். இலக்கு எண்ணை 10 தாண்டிவிட்டால் கிரிட்டிக்கல், அதாவது பலத்த அடி. காகிதத்தில் ஆடும்போது இதில் ஏதாவது ஒன்றை யாராவது நிச்சயம் மறப்பார்கள். இங்கே பகடை உருண்டதும் எதற்கு எவ்வளவு கூடியது, குறைந்தது என்று சாட்டிலேயே வந்துவிடுகிறது. ஃபவுண்ட்ரிக்குள் பாத்ஃபைண்டரை ஓட்டுவதற்காகத் தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய இந்தப் பகுதி இலவசம், மந்திரங்களும் அரக்கர்களும் விதிகளும் உள்ளேயே இருக்கின்றன. இப்படி ஒன்றை யார் சும்மா செய்து கொடுப்பார்கள் என்று இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

ஆனால் நான் இதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் கணக்கு அல்ல, இருட்டு. மேப்பின் மேல் சுவர்களைக் கோடாக வரைந்துவிட்டால் ஒவ்வொருவரும் தன் டோக்கனுக்கு (மேப்பில் தன் பாத்திரத்தைக் குறிக்கும் காய்க்கு) தெரிவதை மட்டுமே பார்ப்பார்கள். தீப்பந்தத்தின் வெளிச்சம் 20 அடி வரை நன்றாகத் தெரியும், அடுத்த 20 அடி மங்கல். குள்ளர் இனப் பாத்திரத்துக்கு இருட்டிலும் கண் தெரியும், பக்கத்தில் நிற்கும் மனிதப் பாத்திரத்துக்குத் தெரியாது. திருடன் கதவைத் திறந்து முன்னால் போனால் அந்த அறை அவன் திரையில் மட்டும்தான். "உள்ள என்னடா இருக்கு?" என்று மற்றவர்கள் கேட்பார்கள். "ஒண்ணுமில்ல" என்று சொல்லிக்கொண்டே அவன் பெட்டியைக் குடைந்துகொண்டிருப்பான். மேசையில் காகிதத்தை வைத்து மறைத்தால் இது வராது.

சரி, இதற்கு விலை என்ன? நேரம். கதை யோசிக்க வேண்டிய மாலைகள் சுவர் வரைவதில் போகின்றன. இன்னொரு விஷயம் பழகப் பழகத்தான் தெரியும்: கட்டம் போட்ட மேப் திரையில் வந்தாலே சண்டை வரப்போகிறது என்று எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. பேசித் தீர்க்கலாம் என்று யாரும் நினைப்பதில்லை, உடனே வாளை உருவுகிறார்கள். அதனால் சத்திரம், சந்தை என்று சண்டையே இல்லாத இடங்களுக்கும் இப்போது மேப் போடுகிறேன். ஆடுபவர்கள் எதிர்பாராத பக்கம் ஓடினால் இருக்கட்டும் என்று வெறும் கட்டம் ஒன்றும் எப்போதும் தயாராக இருக்கும்.

எல்லோரும் வந்து சேரும் கணினியான சர்வரை நாமே நடத்த வேண்டும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். உங்கள் இணைய நிறுவனம் ஒரே பொது இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுத்தால், ரவுட்டரில் ஃபவுண்ட்ரிக்கான வாசலான 30000-ஆம் எண் போர்ட்டைத் திறந்துவிட்டும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. எங்களுக்கு அப்படித்தான் ஆனது. கடைசியில் வாடகைக்கு ஒரு கிளவுட் சர்வர் எடுத்தோம். மேப் படங்களை வெப்பி வடிவத்துக்கு மாற்றிச் சுருக்கிவிடுங்கள், பழைய லேப்டாப்காரர்கள் வாழ்த்துவார்கள். மொபைலை நம்பி யாரையும் சேர்க்காதீர்கள். பேசுவதற்கு டிஸ்கார்டு என்ற குரல் அரட்டைச் செயலிதான். ஃபவுண்ட்ரியின் குறிப்பேடான ஜர்னலில் தமிழிலேயே எழுதலாம் என்பதால் எங்கள் கடிதங்களும் புதிர்களும் தமிழில்தான்.

மற்றவர்கள் எழுதித் தரும் கூடுதல் வசதிகளான மாட்யூல்கள் மேல் ஆசை வேண்டாம். 2022-ல் வந்த ஃபவுண்ட்ரியின் 10-ஆம் பதிப்பு தரவு அமைப்பையே மாற்றியது, மாட்யூல் எழுதியவர்கள் எல்லாரும் திருத்த வேண்டியிருந்தது. 2023-ல் வந்த 11-ஆம் பதிப்பில் டேட்டாபேஸே மாறியது, நல்லவேளையாக பேக்கப் வசதியும் கூடவே வந்தது. ஒரு கதை முடியும் வரை நான் பெரிய அப்டேட் பக்கமே போவதில்லை.

ஒரே மாலையில் முடியும் ஆட்டத்துக்கு இவ்வளவும் அதிகம், ஓல்பேர் ரோடியோ என்ற எளிய மேப் தளம் போதும். அபூர்வமாக நாங்கள் நேரில் கூடும்போதும் ஃபவுண்ட்ரி ஓடும், ஆனால் என் லேப்டாப்பில் மட்டும், அரக்கர்களின் உயிர்க்கணக்கு பார்ப்பதற்கு. பகடையை நண்பர்களே கையால் உருட்டிக்கொள்வார்கள்.