வில் பருவத்தில் புதிய கருவிகள்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்கான வில் பருவம் துப்பாக்கிப் பருவத்தைவிட மிக நீளமானது. 1934இல் விஸ்கான்சின் மாநிலம் சாக், கொலம்பியா என்ற இரண்டு கவுண்டிகளில் (மாவட்டங்களில்) மட்டும் தனி வில் பருவத்தைத் திறந்தது. வில்லோடு போகிறவர் மானுக்கு மிக அருகில் போயாக வேண்டும், பெரும்பாலோர் வெறுங்கையோடுதான் திரும்புவார்கள், அதனால் நாட்களைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்பதுதான் இப்படிப்பட்ட பருவங்களுக்கு அடிப்படை. மிசௌரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன், கேம் என்ற சக்கரங்களும் கேபிள்களும் கொண்ட காம்பவுண்ட் வில்லுக்கு 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்றார். எந்தப் புதிய கருவியை வில் பருவத்தில் விடலாம் என்று அன்று தொடங்கிய வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை.

நுனிகள் முன்னோக்கி வளைந்த பழைய ரிகர்வ் வில், புதிய காம்பவுண்ட் இரண்டையும் பல பருவங்கள் மாறி மாறிப் பயன்படுத்தியவர்கள் என்ற முறையில், ஒரு கருவியை எடைபோட நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: இது கிட்டத்து எய்தலைச் சுத்தமாக்குகிறதா, தூரத்தை நீட்டுகிறதா? முதல் வகைக்கு வில் பருவத்தில் இடம் உண்டு. இரண்டாவது வகைக்கு இல்லை.

28 அங்குல இழுப்பில் 50 பவுண்டு காட்டும் ரிகர்வ், 500 கிரெயின் (சுமார் 32 கிராம்) எடையுள்ள அம்பை நொடிக்கு 175 முதல் 180 அடி வேகத்தில் அனுப்பும். இழுப்பு ஒரு அங்குலம் குறைந்தால் 2 முதல் 3 பவுண்டு போய்விடும். குளிருக்குத் தடித்த ஜாக்கெட் போட்டு இழுப்பைச் சுருக்கிக்கொள்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அம்பு கீழே விழுந்த பிறகு வில்லைக் குறை சொல்கிறார்கள். 60 பவுண்டு காம்பவுண்ட் 420 கிரெயின் அம்பை நொடிக்கு 280 அடிக்குப் பக்கமான வேகத்தில் தள்ளும். லெட்-ஆஃப் (இழுத்து முடித்ததும் குறையும் சுமை) 80 சதவீதம் என்றால் முழு இழுப்பில் விரல் தாங்குவது 12 பவுண்டுதான். மான் மரத்துக்குப் பின்னால் தலையை மறைக்கும்போதே இழுத்துவிட்டு, அது வெளியே வரும்வரை பிடித்திருக்கலாம். ரிகர்வில் 50 பவுண்டையும் தோள்தான் சுமக்க வேண்டும். வேகத்தைவிட இந்த வசதிதான் காம்பவுண்டின் பெரிய லாபம் என்பது எங்கள் எண்ணம்.

தூரம் தப்பினால் என்ன ஆகும்? காற்றுத் தடையை விட்டுவிட்டு வெறும் புவியீர்ப்பை மட்டும் கணக்கில் எடுப்போம். 180 அடி வேக ரிகர்வில், 25 கெஜத்தில் நிற்கும் மானை 20 கெஜம் என்று நினைத்து எய்தால் அம்பு சுமார் 7 அங்குலம் தாழும். வெள்ளைவால் மானின் நெஞ்சுப் பகுதியில் உயிர்நிலை 8 முதல் 10 அங்குல வட்டம். மையத்தைக் குறிவைத்தால் 7 அங்குலத் தாழ்வு அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். காம்பவுண்டில் அதே 5 கெஜத் தப்பு 20இல் 3 அங்குலத்துக்குள் அடங்கும், 40இல் 5 அங்குலம், 60இல் மறுபடி 7 அங்குலம். ரிகர்வுக்கு 20 கெஜத்தில் இருக்கும் ஆபத்து காம்பவுண்டுக்கு 60 கெஜத்தில் இருக்கிறது.

இங்கேதான் தூரம் அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் வருகிறது. கையில் பிடிக்கும் லேசர் கருவி பெரும்பாலும் ஒரு கெஜத்துக்குள் சரியாகச் சொல்லும். குறுக்கே இலையோ புல்லோ இருந்தால் அதன் தூரத்தைக் காட்டிவிடும், மூடுபனியில் தடுமாறும். அதனால் விலங்கு வருவதற்கு முன்பே சுற்றியுள்ள மரங்களை அளந்து மனதில் வைத்துக்கொள்வது நல்லது. 20 அடிப் பரணில் இருப்பவர்கள் கோணத்தையும் கணக்கிடும் ரேஞ்ச்ஃபைண்டருக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்: 20 கெஜத்தில் வித்தியாசம் ஒரு கெஜம்தான். மலைச்சரிவில் எல்க் என்ற பெரிய மானைத் தேடுபவர்களுக்கு அது தேவைப்படும். 30 டிகிரிச் சரிவில் 40 கெஜம் என்று காட்டினால், எய்ய வேண்டியது 35 கெஜத்துக்கு.

வில்லிலேயே பொருத்தும் மின்னணுக் குறிகாட்டி வேறு ரகம். 2018இல் கார்மின் நிறுவனம் கொண்டுவந்த வகை, முழு இழுப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் தூரத்தை அளந்து, அதற்கேற்ற ஒளிப்புள்ளியைக் கண்ணுக்கு முன் வைக்கும். துல்லியமாகவே வேலை செய்கிறது. ஆனால் அது தீர்ப்பது தூரத்தின் சிக்கலை மட்டும். காலத்தின் சிக்கல் அப்படியே நிற்கிறது. 280 அடி வேக அம்பு 60 கெஜத்தைக் கடக்க 0.64 நொடி ஆகும். நாணின் ஓசை 0.16 நொடியில் மானின் காதுக்குப் போய்விடும். மிச்சம் ஏறக்குறைய அரை நொடி. பாய்வதற்கு முன் மான் காலை மடக்கி உடலைத் தாழ்த்தும். எந்தப் பொருளும் தானாக விழுந்தாலே 0.2 நொடியில் ஏழரை அங்குலம் இறங்கிவிடும். எந்தப் புள்ளியைப் பார்த்து அம்பை விட்டோமோ அந்த இடத்தில் இப்போது முதுகுத்தண்டோ வெற்று வெளியோ இருக்கும். 20 கெஜத்தில் ரிகர்வ் எடுத்துக்கொள்வது 0.33 நொடி, மானுக்கு மிஞ்சுவது 0.28. மெதுவான வில்லாக இருந்தும் கிட்டத்தில் இருப்பதால் அது நியாயமான எய்தலாகிறது. 60 கெஜத்து மானைக் காயப்படுத்தி இழப்பவர்களில் பலர் கருவி சொன்ன எண்ணைச் சரியாகப் பின்பற்றியவர்களாகவே இருக்கலாம்.

1961இல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப், வில்லால் வீழ்த்திய பெரிய விலங்குகளைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டுக்கு இதே கோட்டைத்தான் கிழித்திருக்கிறது. வில்லிலும் அம்பிலும் மின்கருவி கூடாது. எய்ததும் ஒளிரும் நாக் (அம்பின் வாலில் நாண் பொருந்தும் துண்டு), பதிவுக் கேமரா இரண்டுக்கும் மட்டும் விலக்கு. சில தூய்மைவாதிகளுக்கு இந்த விலக்கும் பிடிப்பதில்லை. எங்களுக்கு ஒளிரும் நாக் மீது முழு மதிப்பு உண்டு. அந்தி வெளிச்சத்தில் அம்பு எங்கே பட்டது, எங்கே விழுந்தது என்று காட்டுவதற்கு அதற்கு இணை இல்லை. பட்ட இடம் தெரிந்தால்தான் காத்திருக்கும் நேரம் தெரியும்: நுரையீரல் என்றால் அரை மணி, ஈரல் என்றால் 4 முதல் 6 மணி, குடல் என்றால் 8 முதல் 12 மணி. தெரியாமல் சீக்கிரம் பின்தொடர்ந்தால், படுத்த மான் எழுந்து ஓடி, தேட முடியாத இடத்தில் சாகும்.

ஆனால் அதற்கும் கோளாறுகள் உண்டு. சாதாரண நாக் 10 கிரெயினுக்குள் இருக்கும், இது 20க்கு மேல். வாலில் எடை ஏறுவதால் அம்பின் சமநிலை பின்னுக்கு நகரும். இலக்குப் பலகையில் வேறு நாக்கைப் போட்டுப் பழகிவிட்டுக் காட்டுக்கு மட்டும் இதை மாற்றாதீர்கள். இதைப் பொருத்தியபடியேதான் இறகில்லா அம்பு விட்டு, அது நேராகப் பறக்கும்படி வில்லை டியூன் செய்ய வேண்டும். அம்புத் தண்டின் உள்விட்டத்துக்குப் பொருந்தாத நாக், வேகம் குறைந்த ரிகர்வில் எரியாமலே போகும். சில நேரம் அம்புறையிலேயே எரிந்து பேட்டரியைத் தீர்த்துவிடும்.

பட்டதும் பிளேடு விரியும் அம்புமுனைகளைப் பல மாநிலங்கள் அனுமதிக்கின்றன. ரிகர்வுக்கு அவை வேண்டாம். முன்சொன்ன ரிகர்வ் அம்பில் இருப்பது சுமார் 34 முதல் 36 அடி-பவுண்டு ஆற்றல், காம்பவுண்டில் 73. தோலில் படும்போது பிளேடு விரியவே ஒரு பங்கு செலவாகும். மிச்சத்தில் விலா எலும்பைத் தாண்டுவது சந்தேகம். விரியாத, இரண்டு பிளேடு நிலைமுனையைக் கையரத்தால் தீட்டி, முன்கை மயிரை வழிக்கும் கூர்மைக்குக் கொண்டுவந்தால் போதும். அம்புறையின் நுரையில் திரும்பத் திரும்பக் குத்தி எடுப்பதிலேயே கூர் மழுங்கும். பருவம் முழுக்க அவ்வப்போது தொட்டுத் தீட்ட வேண்டும்.

பழைய வில் என்றால் பராமரிப்பே இல்லை என்பது தவறான எண்ணம். டாக்ரான் இழையால் ஆன நாண் புதிதில் நீளும். நாணுக்கும் பிடிக்கும் இடையிலான உயரம் குறைந்தால் நாண் கைக்காப்பில் அடிக்கும், ஓசையும் கூடும். பெரும்பாலான ரிகர்வுக்கு ஏழரை முதல் எட்டரை அங்குலம் பொருந்தும். குறைந்தால் நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்கு ஏற்றுங்கள். பழைய வில்லின் நுனிகள் வலுவூட்டப்படாதவை என்றால் நீளாத நவீன நாணைப் போடாதீர்கள், நுனி பிளக்கும். வெயிலில் மூடிய காருக்குள் நாண் ஏற்றிய வில்லை விட்டால் அடுக்குகளின் பசை விடும். மழையில் இறகு படியும். நீர்விலக்கும் பொடியைத் தடவி வையுங்கள்.

காம்பவுண்டின் தொல்லைகள் வேறு. கேபிள் நீண்டால் இரண்டு கேம்களும் ஒரே நேரத்தில் திரும்பாது. நாணில் உள்ள பீப் என்ற குறிபார்க்கும் வளையம் கண்ணுக்கு நேராக வராது. காட்டில், வில்லை அழுத்திப் பிடிக்கும் பிரஸ் கருவி இல்லாமல் இதைச் சரிசெய்ய வழியில்லை. நாணும் கேபிளும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியவை. நாணில் கட்டிய டி-லூப் என்ற இழுப்பு வளையத்தை ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் பாருங்கள். முழு இழுப்பில் அது அறுந்தால் முகத்தில் அடி விழும்.

வில்லை விட்டுவிட்டால், எங்களை அதிகம் உறுத்துவது விலங்கு கடந்தால் தானாகப் படமெடுத்துச் செல்பேசிக்கு உடனுக்குடன் அனுப்பும் ட்ரெயில் கேமரா. அரிசோனா 2022 ஜனவரி 1 முதல் வேட்டைக்கு ட்ரெயில் கேமரா பயன்படுத்துவதையே தடைசெய்தது. வறண்ட நிலத்தில் ஒரே நீர்நிலையைப் பல கேமராக்கள் சூழ்ந்து நின்றதால் அந்த முடிவை ஆதரிக்கிறோம். கிழக்கின் அடர்காடுகளில் நினைவக அட்டையை எடுத்துப் பார்க்கும் பழைய கேமரா பெரிய அநியாயம் செய்வதில்லை. மான் இப்போது எங்கே நிற்கிறது என்று சொல்வதுதான் தப்பு.

துப்பாக்கிபோல் விசையை இழுத்து எய்யும் கிராஸ்போ முதியவர்களுக்கும் தோள் காயம்பட்டவர்களுக்கும் அவசியம். மற்றவர்களுக்குத் தனி நாட்கள் ஒதுக்கலாம்.

விதி எழுதுபவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: பாரம்பரியப் பருவம் என்று பெயர் வைத்தால் கேம் இல்லாத ஒற்றை நாண் வில், நிலைமுனை, வில்லில் மின்குறிகாட்டி இல்லை, ஒளிரும் நாக்குக்கு அனுமதி. பொதுவான வில் பருவத்தில் காம்பவுண்ட் இருக்கட்டும். ஆனால் உரிமம் தருவதற்கு முன் 20 கெஜத்தில் 8 அங்குலத் தட்டில், வேட்டை முனையோடு, அடுத்தடுத்து மூன்று அம்பு வைக்கச் சொல்லுங்கள்.